தாத்தாவோட யாஷிகா மேட் கேமராவ யாரை நம்பிக் கொடுக்கறது?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மயிலாடுதுறையில ஸ்டுடியோ வச்சிருந்த தாத்தாவோட யாஷிகா மேட் 124ஜி, மேலயும் கீழயும் ரெண்டு லென்ஸ் வச்ச பழைய ஃபிலிம் கேமரா, பீரோவுலேர்ந்து கெடச்சிருக்கு, ஷட்டர் அமுக்கினா சில சமயம் தொறந்தபடியே நிக்குது, லென்ஸுக்குள்ள சிலந்தி வல மாதிரி தெரியுது, எத்தனாவது படம்னு காட்டற கவுண்டர் 7ல நிக்குது, கும்பகோணம் தஞ்சாவூர் பக்கம் நல்ல மெக்கானிக் இருந்தா நம்பர் கொடுங்கன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, ஒரு கடையில காட்டினேன், "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்"னாங்க, பயமா இருந்துது, திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்னு. உங்க நெஜமான கேள்வி அதுலதான் இருக்கு. யார் கையில கொடுத்தா பொருள் உருப்படியா திரும்பி வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, அதானே? நம்பர நான் இங்க போடல. நாலு வருஷம் முன்னாடி அருமையா வேல பாத்தவருக்கு இன்னிக்கு கண்ணு தெரியாம இருக்கலாம், கடைய மச்சான் கையில விட்டிருக்கலாம், நான் சொன்னேன்னு நீங்க போயி நின்னா அந்தப் பழியும் எனக்கு வரும். ஆளப் பாத்து எடைபோடறது எப்படின்னு சொல்றேன், அது எந்த ஊர்லயும் உதவும்.

நான் யாருன்னு ரெண்டு வார்த்த. 1989ல திருவாரூர்ல ஒரு ஸ்டுடியோவுல லைட் பிடிக்கற பையனா சேந்தேன், அப்புறம் திருச்சியில ஒரு மெக்கானிக்கிட்ட நாலு வருஷம் உக்காந்து தொழில் கத்துக்கிட்டேன், தஞ்சாவூர்ல சொந்தமா ஒரு டேபிள் போட்டு டிஜிட்டல் வந்து வயித்துல அடிக்கறவரைக்கும் அதுலதான் சோறு. இப்ப தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பாக்கறேன், கை லேசா நடுங்குது, அதனால புதுசா யார்கிட்டயும் வாங்கறதில்ல. உங்களுதையும்தான், தப்பா எடுத்துக்காதீங்க. லென்ஸுக்குள்ளயே இதழ் மாதிரி பிளேடு தொறந்து மூடற லீஃப் ஷட்டர் (உங்களுது அதுதான்), ஒரே லென்ஸ் வழியாப் பாத்து எடுக்கற மெக்கானிக்கல் எஸ்எல்ஆர், இது ரெண்டும் என் ஏரியா. எலக்ட்ரானிக் ஷட்டர் வச்ச கேமராவ நான் தொட்டதில்ல, அதப்பத்தி பேசவும் போறதில்ல.

ஆள் தேடறதுக்கு முன்னாடி உங்க கேமராவுல என்ன கோளாறுன்னு நீங்களே நாலு வரி எழுதி வச்சுக்கங்க. இது சும்மா சொல்ற பேச்சில்ல. "ஓடல, பாத்துக் குடுங்க"ன்னு கொடுத்தா அவர் என்ன செஞ்சாலும் செஞ்ச மாதிரிதான். "ஷட்டர் ஸ்பீடு ஒரு செகண்டுலேர்ந்து பதினஞ்சு (அதாவது செகண்டுல பதினஞ்சுல ஒரு பங்கு) வரைக்கும் ஒட்டுது, 125க்கு மேல பரவால்ல, ஃபிலிம் சுத்தற கிராங்க் ஸ்மூத்தா சுத்துது, வெளிச்சம் அளக்கற மீட்டர் முள்ளு அசையல"ன்னு கொடுத்தீங்கன்னா, இவன் பாத்துட்டுதான் வந்திருக்கான்னு அவருக்கே தெரிஞ்சுடும், பாதி ஏமாத்து அங்கயே நின்னுடும். அதோட பல சமயம் கோளாறே இருக்காது. என் டேபிளுக்கு ஃப்ளாஷ் படம் இருட்டா வருதுன்னு வந்த கேமராவுல கணிசமானது எம்–எக்ஸ் லீவர் எம் பக்கம் போயிருக்கும், அவ்ளோதான், பழைய பல்பு ஃப்ளாஷுக்கானது எம், எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு எக்ஸ்ல இருக்கணும். உங்க 124ஜியில இன்னொண்ணு, பின்னாடி ஃபிலிம தட்டையா அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட் 120, 220ன்னு ரெண்டு வகை ரோலுக்கும் மாத்தி வைக்கறாப்புல இருக்கும், 120 ரோல் போடறவங்க அது 120ல இருக்கான்னு பாக்கணும். மீட்டர், நாம குனிஞ்சு பாக்கற மேல் மூடியத் தொறந்தாதான் ஆன் ஆகும், மூடி வச்சுட்டு மீட்டர் செத்துடுச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. (பின்பக்க மூடிய மட்டும் இப்போதைக்குத் தொறக்காதீங்க, ஏன்னு கடைசியில சொல்றேன்.)

இப்ப நீங்க சொன்ன கோளாறுக்கு வரேன். ஷட்டர் ஒட்டறது நூத்துக்குத் தொண்ணூறு பங்கு பழைய எண்ணெயும் கிரீஸும் உருகி பிளேடு மேல படிஞ்சு பிசின் மாதிரி ஆனதுதான். வருஷக் கணக்கா சும்மா கெடந்த லீஃப் ஷட்டர் எல்லாத்துக்கும் வர்ற வியாதி, இதுக்கு மருந்து உண்டு, இத நான் தைரியமா சொல்வேன். லென்ஸுக்குள்ள தெரியற சிலந்தி வல, அதாவது ஃபங்கஸ் (பூஞ்சை), அந்த விஷயத்துல அந்த தைரியம் எனக்கு வராது. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில சுவரே வேர்க்கும், அதுல தோல் உறையோட பீரோவுக்குள்ள கெடந்தா பூக்காம என்ன பண்ணும். மேலாப்புல பூத்திருந்தா தொடச்சா போயிடும், கண்ணாடி மேல பூசின கோட்டிங்க அரிச்சிருந்தா ஃபங்கஸ் போனாலும் அதோட தடம் கண்ணாடியில நிக்கும். இந்த லென்ஸுல பின்பக்கம் ரெண்டு கண்ணாடிய ஒட்டி வச்சிருப்பாங்க, அந்த ஒட்டுக்கு நடுவுல எறங்கியிருந்தா கஷ்டம்தான். எது எதுன்னு லென்ஸக் கழட்டி வெளிச்சத்துல பாக்காம யாராலயும் சொல்ல முடியாது, கடையில நின்னபடியே "புதுசு மாதிரி ஆக்கிடறேன்"னு ஒருத்தர் சொன்னா அந்த எடத்துலயே ஒரு மார்க் கொறச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, லேசா தடம் நின்னாலும் படத்துல பெரிசா தெரியாது, சூரியனப் பாத்து எடுத்தா கொஞ்சம் மங்கும், அதுக்காகக் கேமராவத் தூக்கிப் போட வேண்டியதில்ல. மீட்டர் ஓடினா லாபம், ஓடாட்டி விடுங்க. அதுக்குன்னு இருந்த 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்ப வர்றதில்ல, 1.5 வோல்ட் போட்டா அளவு தப்பா காட்டும், காது மெஷினுக்குப் போடற 675 நம்பர் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு சின்ன வளையம் வச்சுப் போட்டா ஏறக்குறைய சரியா வரும். ஃபோன்லயே மீட்டர் ஆப் இருக்கு, நான் இப்ப அதத்தான் பாக்கறேன்.

சரி, எங்க போயி தேடறது. டெல்டாவுல இன்னிக்கு கேமரா சர்வீஸ்னு போர்டு போட்ட கடையில உக்காந்திருக்கற பையன்க டிஜிட்டல் பாக்கறவங்க, கெட்டிக்காரங்கதான், ஆனா அவங்க தொழிலே போர்டு மாத்து, ரிப்பன் மாத்து. யாஷிகாவுக்கு மாத்த கம்பெனி பார்ட்ஸ் எதுவும் கெடையாது, 124ஜி 1986லயே நின்னு போச்சு, எல்லாத்தையும் கழுவி மறுபடி ஓட வைக்கணும், அது வேற கை. அதுக்கு நான் அவங்களவிட நல்ல வாட்ச் ரிப்பேர்காரர நம்புவேன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா நெஜம். லீஃப் ஷட்டருக்குள்ள ஸ்லோ ஸ்பீடு ஓட்டற பகுதி ஒரு குட்டிக் கடிகாரம்தான், பல்சக்கரம், தாவு, ஸ்பிரிங் எல்லாம் அதே குடும்பம். மெக்கானிக்கல் வாட்ச் பிரிச்சுப் பழகின பெரியவர் கும்பகோணத்துலயோ மன்னார்குடியிலயோ இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க, ஷட்டர் சுத்தம் பண்றதுக்கு அவங்க போதும். ஆனா ஃபோகஸ் செட் பண்றது அவங்க வேல இல்ல, அத அவங்க தொடாம பாத்துக்கணும். அசல் கேமரா மெக்கானிக்கே வேணும்னா, விசாரிக்க வேண்டிய எடம் இன்னும் ஃபிலிம் கழுவிக் கொடுக்கற லேப். யார்கிட்ட ரிப்பேர் பண்ணின கேமராவுலேர்ந்து ஒழுங்கான நெகட்டிவ் வருது, யார்கிட்ட போயிட்டு வந்தது பாழா வருதுன்னு அவங்க கண்ணு தெனம் பாக்குது. சென்னை, பெங்களூர்ல ஃபிலிம் எடுக்கற பசங்க கூட்டம் இருக்கு, அவங்களும் சொல்வாங்க. அதுக்கும் மேலன்னா மும்பை ஃபோர்ட்டுல போரா பஜார், கொல்கத்தாவுல மெட்ரோ கலி, டெல்லி சாந்தினி சௌக்ல கூச்சா சௌத்ரி, இதெல்லாம் கேமராவுக்குன்னே பேர் போன தெருக்கள். ஆனா தெரு நல்ல தெருங்கறதால உள்ள இருக்கற எல்லாக் கடையும் நல்ல கடைன்னு ஆயிடாது, நம்ம மாயவரத்துலயும் தெருவுக்கு நாலு விதம் உண்டு.

ஆளக் கண்டுபிடிச்சாச்சுன்னு வைங்க. கேமராவ அவர் கையில கொடுத்துட்டு அஞ்சு நிமிஷம் வாயத் தொறக்காம பாருங்க. நல்லவர் மொதல்ல எதையும் திருக மாட்டார். கையில வாங்கினதும் திருப்பித் திருப்பிப் பாப்பார், ஸ்க்ரூ தலையப் பாப்பார், "ஏம்பா, இத யாரு முன்னாடி தொறந்தா?"ம்பார். எங்க குரு அப்படித்தான் ஆரம்பிப்பார், ஸ்க்ரூ தலை சேதமாயிருந்தா உள்ள எவனோ பூந்திருக்கான்னு அர்த்தம், உள்ள என்ன காணாம போயிருக்கோன்னு அப்பவே அவர் முகம் மாறிடும். அப்புறம் லென்ஸ வெளிச்சத்துக்குக் காட்டுவார், ஒவ்வொரு ஸ்பீடா வச்சு காத கிட்ட கொண்டுபோய்க் கேப்பார். கிராங்க் எறுகினா பலவந்தம் பண்ணாம வச்சுடுவார். அதே சமயம் அவர் டேபிள் மேல வேற யாரோட கேமராவாவது இருந்தா நீங்க அதோட லென்ஸ் வளையத்தப் பாருங்க. வளையத்துல ரெண்டு பள்ளம் இருக்கும், அதுக்குன்னு ரெண்டு முனை வச்ச ஸ்பேனர் உண்டு, அது இல்லாதவங்க ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனைய விட்டு நெம்புவாங்க, வளையமெல்லாம் கோடு கோடா இருக்கும். அந்தக் கோட்டப் பாத்தா ஒரு டீயக் குடிச்சுட்டுக் கெளம்பிடுங்க.

வாயத் தொறந்து கேக்க வேண்டியதுன்னா எனக்கு முக்கியம் ரெண்டே கேள்வி. ஷட்டர் பிளேட எதால கழுவுவீங்க, ஃபோகஸ எப்படி செக் பண்ணுவீங்க. மொதலுக்கு ஒயிட் பெட்ரோல், லைட்டர் ஃப்ளூயிட், இந்த மாதிரி ஏதாவது சொல்லி, "முன்னாடி கண்ணாடியக் கழட்டிட்டுக் கழுவணும், ஒரு தடவ போதாது, காயவச்சு மறுபடி"ன்னு சொன்னாருன்னா கை தெரிஞ்ச ஆளு. "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா ஓடிடும்"னு சொன்னா ஓடிடுங்க, கேமரா இல்ல, நீங்க. பிளேடுக்கு எண்ணெயே ஆகாது, காஞ்சு இருக்கணும். தையல் மிஷின் எண்ணெய் விட்ட ஷட்டர் எத்தனையோ நான் கழுவியிருக்கேன், அன்னிக்கு ஜோரா ஓடும், ஒரு மாசத்துல பழையபடி ஒட்டும், அந்தாளு அதுக்குள்ள காச வாங்கிப் போட்டிருப்பார். ஸ்ப்ரே டப்பாவ எடுத்து லென்ஸ் பக்கம் அடிக்கறவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

ரெண்டாவது கேள்வி ஏன் கேக்கச் சொல்றேன்னா, அதுல நான் அடிபட்டவன். நான் படம் எடுக்க ஆரம்பிச்ச புதுசுல, சொந்தமா டேபிள் போடறதுக்கு முன்னாடி, முதலாளியோட ட்வின் லென்ஸ் கேமராவ ஒரு ஊர்ல ஒரு கடையில ஷட்டருக்குக் கொடுத்து வாங்கினோம். ஷட்டர் அம்சமா ஓடிச்சு. அத எடுத்துட்டு வலங்கைமான் பக்கத்துல ஒரு கல்யாணம், நாலு ரோல், ரோலுக்கு பன்னெண்டு, மொத்தம் நாப்பத்தெட்டு படம். கழுவிப் பாத்தா தாலி கட்டறதுல மாப்பிள்ளை முகம் மொழுக்குன்னு இருக்கு, பின்னாடி நின்ன நாதஸ்வரக்காரர் மட்டும் பளிச்சுன்னு இருக்கார். என்ன ஆச்சுன்னா, இந்த மாதிரி கேமராவுல மேல் லென்ஸுல நாம பாக்கறோம், கீழ் லென்ஸ் படம் எடுக்குது, ரெண்டும் ஒண்ணா நகந்தாதான் பாக்கறதும் எடுக்கறதும் ஒத்துப் போகும். கடைக்காரர் கழட்டி மாட்டினப்ப உள்ள இருந்த காயிதம் மாதிரி மெல்லிசு வாஷர் ஒண்ண விட்டுட்டார், கீழ் லென்ஸ் கொஞ்சூண்டு எடம் மாறிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நின்னு பேசினது இன்னும் காதுல இருக்கு. அந்தக் கோவத்துலதான் நான் திருச்சிக்கே போனேன்னு வைங்களேன். அதனால, "எங்கயோ தூரத்துல இருக்கறதப் பாத்து, பின்னாடி ஃபிலிம் இருக்கற எடத்துல கிரவுண்ட் கிளாஸ், அதான் மங்கல் கண்ணாடி, வச்சு ரெண்டையும் ஒத்துப் பாப்பேன்"ங்கற பதில் வராத எடத்துல லென்ஸக் கழட்ட விடாதீங்க.

ஸ்பேருக்கு வருவோம். கம்பெனி பார்ட்ஸ் கெடையாதுங்கறதால மெக்கானிக் எல்லாருமே செத்த கேமரா நாலஞ்சு வச்சிருப்பாங்க, அதுலேர்ந்து எடுத்துத்தான் இதுக்குப் போடணும். அப்படி ஒரு பொட்டி இருந்தா நல்ல சகுனம்தான், தொழில்ல இருக்கார்னு அர்த்தம். ஆனா அதே பொட்டிதான் ஆபத்தும், உங்க நல்ல லென்ஸ் அதுக்குப் போயி அதோட சொத்த லென்ஸ் உங்களுக்கு வந்தா எப்படித் தெரியும்? கொடுக்கறதுக்கு முன்னாடி பாடி நம்பர், ரெண்டு லென்ஸ் வளையத்துலயும் இருக்கற எழுத்து, நம்பர், கீறல் எல்லாத்தையும் அவர் கண்ணு முன்னாடியே ஃபோன்ல எடுத்துக்கங்க, "தாத்தா கேமரா, ஞாபகத்துக்கு"ன்னு சொல்லிக்கிட்டே எடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கழட்டின பார்ட்ட திருப்பித் தரணும்னும் சொல்லிடுங்க. "அத வச்சு என்ன பண்ணப் போறீங்க"ன்னு சிரிச்சாக்கூட பரவால்ல, தரமாட்டேன்னு அடம் பிடிச்சாதான் யோசிக்கணும்.

இன்னொரு அடையாளம், முடியாதுன்னு சொல்லத் தெரியணும். 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து தண்ணியில ஊறின கேமரா சிலது என்கிட்ட வந்துச்சு, உப்புத் தண்ணி உள்ள போயி நாள் கணக்கா கெடந்தது, பெரும்பாலானத திருப்பி அனுப்பிட்டேன். அதுல ஒருத்தர் வேற எடத்துல கொடுத்துப் பணத்தக் கட்டிட்டு, ஆறு மாசம் கழிச்சு பச்சப் பாசி பூத்த கேமராவத் தூக்கிக்கிட்டு மறுபடி என் வாசல்ல வந்து நின்னார். காசு விஷயத்துல, தொறந்து பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்னு சொல்றது நியாயம்தான், ஆனா பாத்துட்டு ஃபோன் பண்ணி, உங்க சம்மதம் வாங்கிட்டுத்தான் கை வைக்கணும். பாக்கறதுக்குன்னு ஒரு சின்னத் தொகை கேட்டா கொடுத்துடுங்க, அது அவர் உழைப்பு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டா வேண்டாம். ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும்னு சொல்றவர் பொய் சொல்லல, கழுவினதுக்கு அப்புறம் சில நாள் வச்சிருந்து மறுபடி ஒட்டுதான்னு பாக்கறவர்தான் அப்படிச் சொல்வார், சாயங்காலம் வாங்கன்னு சொல்றவர்கிட்டதான் எனக்கு சந்தேகம்.

வெளியூருக்கு அனுப்பறதா இருந்தா, தயவுசெஞ்சு கண்டக்டர்கிட்ட கொடுத்து பஸ்ஸுல போட்டு விடாதீங்க, நம்ம ஊர்ல மாங்காயிலேர்ந்து மாத்திரை வரைக்கும் அப்படித்தான் போகுது, தெரியும், ஆனா கேமராவுக்கு அது வேணாம். பேட்டரியக் கழட்டிட்டு, கிராங்க சுத்தி ஷட்டர இழுத்து வைக்காம, பொட்டிக்குள்ள பொட்டி வச்சு, இன்ஷூர் பண்ணி அனுப்புங்க. பேக் பண்றத வீடியோ எடுத்துக்கங்க.

திரும்பி வந்ததும் கடையிலயே நன்றி சொல்லிட்டு வந்துடாதீங்க, சோதிச்சுப் பாருங்க. உள்ள ஃபிலிம் இல்லாதப்ப பின்மூடியத் தொறந்து வச்சு, முன்னாடி ஒரு விளக்க வச்சு, ஃபோன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல பின்னாடிலேர்ந்து ஷட்டர எடுங்க. ஒரு செகண்டுன்னா 240 ஃபிரேம் வெளிச்சம் தெரியணும், கால் செகண்டுன்னா 60, முப்பதுல ஒண்ணுன்னா 8. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது, 60க்கு 70 வந்தா அந்த வயசுக்கு நல்ல ஷட்டர். 125க்கு மேல இந்த முறை எடுபடாது, ரெண்டு ஃபிரேமுல என்னத்த எண்றது. ஃபோகஸுக்கு, பின்னாடி ஃபிலிம் ஓடற தண்டவாளத்து மேல மங்கலான டேப்ப இழுத்து ஒட்டி, ஸ்பீட பி-யில (அமுக்கிப் பிடிக்கறவரைக்கும் தொறந்தே இருக்கும்) வச்சு ஷட்டரத் தொறந்து புடிச்சுக்கிட்டு, லென்ஸ 3.5ல முழுசா தொறந்து, தூரத்துல இருக்கற கோபுரத்தப் பாருங்க. தஞ்சாவூர்ன்னா பெரிய கோயில் விமானம் இருக்கவே இருக்கு, 216 அடி, எங்க மொட்டமாடியிலேர்ந்து பாத்தாலும் தெரியும், நான் வருஷக் கணக்கா எல்லாக் கேமராவையும் அத வச்சுத்தான் செட் பண்ணினேன். மேல ஸ்கிரீன்ல கலசம் கூர்மையா தெரியறப்ப கீழ டேப்புலயும் கூர்மையா தெரியணும். அப்புறம் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போட்டு, நல்ல வெயில்ல ஒரே சுவர லென்ஸ் துவார நம்பர் 22க்கு ஸ்பீடு 60, 16க்கு 125, 11க்கு 250, 8க்கு 500ன்னு எடுங்க. நாலு நெகட்டிவும் ஒரே அடர்த்தியா இருந்தா ஸ்பீடு சரி. 500 வைக்கறதா இருந்தா கிராங்க் சுத்தறதுக்கு முன்னாடியே வச்சுடுங்க, நல்ல பழக்கம் அது.

நீங்களே வீடியோ பாத்துப் பிரிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. தாத்தா கேமராவுல வேணாம். பழைய இரும்புக் கடையிலயோ சந்தையிலயோ ஒரு செத்த கேமரா வாங்கி அதுல பழகுங்க, அதுவும் சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால இல்ல, ஜப்பான் ஸ்க்ரூவுக்குன்னு தனி அளவு இருக்கு, ஜேஐஎஸ்னு கேட்டா கெடைக்கும், சாதாவ விட்டா தலை வழிச்சுக்கும், அப்புறம் நான் மேல சொன்ன பெரியவர் "யாரு தொறந்தா"ன்னு கேக்கறப்ப நீங்க தல குனியணும்.

கடைசியா ஒண்ணு, இத மொதல்லயே எழுதியிருக்கணும். கவுண்டர் 7ல நிக்குதுன்னு சொன்னீங்க. அந்தக் கேமராவுல பின்மூடியத் தொறந்தா கவுண்டர் பழைய எடத்துக்குப் போயிடும். 7ல நிக்குதுன்னா, கடைசியா மூடினதுக்கு அப்புறம் யாரோ ஏழு படம் வரைக்கும் சுத்தியிருக்காங்க. வெறும் கேமராவ சுத்திப் பாத்தாலும் நம்பர் நகரும், அதனால உள்ள ஃபிலிம் இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இருக்கலாம். அந்தக் கடைக்காரர் "வச்சுட்டுப் போங்க"ன்னு சொன்னாரே, உள்ள ரோல் இருக்கான்னு கேட்டாரா? லென்ஸ் மூடியப் போட்டுட்டு, அமுக்கி அமுக்கி மெதுவா 12 வரைக்கும் சுத்துங்க, ஷட்டர் ஒட்டினாலும் மூடி இருக்கறதால வெளிச்சம் போகாது. கிராங்க் எங்கயாவது எறுகினா அதோட நிறுத்திடுங்க, அப்படியே கொண்டுபோயி லேப்புக்காரங்க இருட்டுல எடுக்கட்டும். 12க்கு அப்புறம் கிராங்க் தடையில்லாம சுத்தும், அப்ப இன்னும் பத்துப் பதினஞ்சு சுத்து சுத்திட்டு, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கதவ சாத்திக்கிட்டு தொறங்க. ரோல் இருந்தா காயிதம் பிரியாம நாக்கால நனைச்சு ஒட்டி, அலுமினிய ஃபாயில்ல சுத்தி வைங்க. கறுப்பு வெள்ளைன்னா இத்தன வருஷம் கழிச்சும் ஏதாவது வர வாய்ப்பு உண்டு, கலர்னா கொறச்சல்தான். லேப்புல கொடுக்கறப்ப மத்த ரோலோட சேத்துப் போட்டுடாதீங்க, பழசு, தனியா கழுவுங்கன்னு எழுதிக் கொடுங்க.